சீசீயைக் கேட்கிறோம், கிலோவைக் கேட்பதில்லை

மோட்டார் சைக்கிள் வாங்கப் போகும் நம்மவர்கள் ஷோரூமில் கேட்கும் முதலாவது கேள்வி "எத்தனை சீசீ?" என்பதுதான். இரண்டாவது, "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" மூன்றாவது, "மாதம் எவ்வளவு கட்ட வேண்டும்?" இந்த மூன்றுக்கும் திருப்தியான பதில் கிடைத்து விட்டால் கையெழுத்தும் விழுந்து விடும். ஓட்டப் போகிறவன் யார், அவனுக்கு எத்தனை நாள் பழக்கம், அவனுடைய நிறை என்ன, பின்னால் எத்தனை கிலோ சாமான் ஏறும் என்று விசாரிப்பவர்கள் மிகவும் குறைவு.

நான் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாக வியாபாரத்தில் இருப்பவன். புதிதாக ஓட்டப் பழகியவர்கள் எங்களிடம் வந்து வாங்கும் சாமான்கள் எவை என்பது எங்களைப் போன்றவர்களுக்கு மனப்பாடம். கிளச் லீவர், பிரேக் லீவர், சிக்னல் லைட், பக்கக் கண்ணாடி, கால் வைக்கும் கம்பி. இவையெல்லாம் தேய்ந்து போகும் சாமான்கள் அல்ல, விழுந்து உடையும் சாமான்கள். இந்தச் சாமான்கள் விற்றால் எங்களுக்கு இலாபம்தான். ஆனால் லீவர் வாங்க வருகிறவன் கையில் கட்டோடு வரும்போது அந்த இலாபத்தை நினைத்துச் சந்தோஷப்பட மனம் இடம் தருவதில்லை.

கடைக்கு டிலிவரிக்கு வைத்த பையனுக்கு வண்டி எடுத்துக் கொடுக்கும் முதலாளிமாரும், ஏ.எல். பரீட்சை முடிந்த மகனுக்கு வண்டி எடுத்துக் கொடுக்கும் வாப்பாமாரும் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதே இந்த வாரம் நான் சொல்ல வருவது. அந்தக் கணக்குக்குப் பெயர் வலு-நிறை விகிதம்.

அது என்ன கணக்கு?

வியாபாரிகளுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. அரிசி மூட்டையின் மேல் என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்று பார்த்து நாம் விலை பேசுவதில்லை. மொத்த விலையை நிறையால் பிரித்து, கிலோ என்ன விலை படுகிறது என்று பார்க்கிறோம். மோட்டார் சைக்கிளுக்கும் அதே கணக்குத்தான். எஞ்சினின் குதிரைவலுவை நிறையால் பிரித்தால், ஒவ்வொரு 100 கிலோவையும் இழுக்க எத்தனை குதிரைவலு இருக்கிறது என்பது தெரியும். இந்த எண் கூடக் கூட வண்டி பாய்ந்து செல்லும். குறையக் குறைய நிதானமாக எழும்பும்.

சீசீ என்பது எஞ்சின் சிலிண்டரின் கொள்ளளவு மாத்திரமே. அந்தக் கொள்ளளவிலிருந்து எவ்வளவு வலுவை எடுக்கிறார்கள் என்பது எஞ்சினின் அமைப்பைப் பொறுத்தது. எனவே சீசீயை மட்டும் வைத்து வண்டியின் வேகத்தை மதிப்பிடுவது, பெட்டியின் அளவைப் பார்த்து உள்ளே இருக்கும் சரக்கை மதிப்பிடுவது போன்றதாகும்.

ஆள் இல்லாமல் வண்டி ஓடுவதில்லை. ஆகவே வண்டியின் நிறையோடு ஓட்டுபவனின் நிறையையும் கூட்டித்தான் இந்தக் கணக்கைப் போட வேண்டும். நமது வீதிகளில் ஓடும் சில வண்டிகளை எடுத்து, ஓட்டுபவன் 65 கிலோ என்று வைத்துக் கணக்குப் பார்ப்போம். வருடத்துக்கு வருடம் மாடல்கள் சற்று மாறுவதால் வலுவையும் நிறையையும் ஏறத்தாழவே தருகிறேன்.

ஸ்கூட்டி பெப் பிளஸ் (88 சீசீ): 5 குதிரைவலு, 95 கிலோ. ஆளோடு 100 கிலோவுக்கு 3.1.
பஜாஜ் சீ.டி. 100: 8 குதிரைவலு, 110 கிலோ. ஆளோடு 4.6.
ஹொண்டா டியோ 110: 8 குதிரைவலு, 105 கிலோ. ஆளோடு 4.7.
பஜாஜ் டிஸ்கவர் 125: 11 குதிரைவலு, 120 கிலோ. ஆளோடு 5.9.
யமஹா எப்.இசட். (149 சீசீ): 13 குதிரைவலு, 132 கிலோ. ஆளோடு 6.6.
பஜாஜ் பல்சர் 150: 14 குதிரைவலு, 144 கிலோ. ஆளோடு 6.7.
யமஹா ஆர் 15 மூன்றாம் பதிப்பு (155 சீசீ): 19 குதிரைவலு, 140 கிலோ. ஆளோடு 9.3.
பஜாஜ் பல்சர் என்.எஸ். 200: 23.5 குதிரைவலு, 145 கிலோ. ஆளோடு 11.2.

இந்தப் பட்டியலில் எப்.இசட்., பல்சர் 150, ஆர் 15 ஆகிய மூன்றையும் மக்கள் "வன் பிஃப்டி" என்றே சொல்வார்கள். ஆனால் ஆர் 15 இன் எண், பல்சர் 150 இன் எண்ணை விட ஏறத்தாழ நூற்றுக்கு 40 கூடியது. சீசீயில் ஐந்தாறு மட்டுமே வித்தியாசம், ஓட்டத்திலோ பெரிய வித்தியாசம்.

பழைய ஆட்களுக்கு நன்கு தெரிந்த இன்னோர் உதாரணமும் உண்டு. இந்தியாவில் 1985 முதல் 1996 வரை உற்பத்தியான யமஹா ஆர்.எக்ஸ். 100. அதன் எஞ்சின் 98 சீசீதான். ஆனால் டூ ஸ்ட்ரோக் எஞ்சின், 11 குதிரைவலு, வண்டி ஏறத்தாழ 103 கிலோ. ஆளோடு கணக்குப் பார்த்தால் 6.5. அதாவது பல்சர் 150 இற்கு மிகவும் கிட்டிய எண். "சின்ன வண்டிதானே, 100 சீசீதானே" என்று சொல்லி அதைப் பழகுநரிடம் கொடுத்தால், 150 சீசீ வண்டியைக் கொடுத்ததற்குச் சமம்.

சட்டம் எதைப் பார்க்கிறது?

நமது நாட்டின் சாரதி அனுமதிப்பத்திரத்தில் மோட்டார் சைக்கிளுக்கு இரண்டு வகுப்புகள் உள்ளன. 100 சீசீ வரை ஏ1, அதற்கு மேல் ஏ. சட்டம் பார்ப்பது சீசீயை மாத்திரமே. 101 சீசீக்கு மேல் எல்லாம் ஒரே வகுப்பு. டிஸ்கவர் 125 இல் பரீட்சை எழுதிய பையன், மறுநாளே 200 சீசீ வண்டியில் ஏறிப் போகலாம்.

வேறு நாடுகளில் நிலைமை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2013 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விதியின்படி, ஆரம்ப நிலை மோட்டார் சைக்கிள் 125 சீசீயையும் 11 கிலோவாற்றையும் (ஏறத்தாழ 15 குதிரைவலு) தாண்டக் கூடாது என்பதோடு, வண்டியின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.1 கிலோவாற்றுக்கு மேல் வலு இருக்கவும் கூடாது. அவுஸ்திரேலியாவில் பழகுநர் வண்டிகளுக்கு 660 சீசீ வரை அனுமதி உண்டு. ஆனால் ஒரு தொன்னுக்கு 150 கிலோவாற்று என்பது உச்ச எல்லை. அந்தக் கணக்கில் ஓட்டுபவருக்கும் உடுப்புக்குமாக 90 கிலோவைச் சேர்த்தே பார்க்கிறார்கள். அவர்களுடைய எல்லைகள் அகன்ற நெடுஞ்சாலைகளுக்கு வகுக்கப்பட்டவை, நமக்கு அந்த எண்கள் பொருந்தா. ஆனால் சீசீயோடு நிறுத்தாமல் வலுவையும் நிறையையும் சேர்த்துப் பார்க்கும் அந்த முறை நமக்கும் பொருந்தும். நமது சட்டத்தில் அது வரும் வரைக்கும் வாப்பாவும் முதலாளியும் அதைப் பார்த்தாக வேண்டும்.

புதியவனின் கையில் என்ன நடக்கிறது?

வலு கூடிய வண்டியை அனுபவசாலி மெதுவாகவும் ஓட்டுவான். அவனுடைய கை பழகிய கை. புதியவனின் நிலை அப்படியல்ல. கிளச்சை விடும்போது வண்டி எதிர்பாராமல் முன்னே பாய்கிறது. உடல் பின்னே சாய்கிறது. விழாமல் இருக்கக் கை ஹேண்டிலை இறுகப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறது. அந்த இழுப்பிலேயே எக்ஸிலேட்டர் இன்னும் திரும்பி விடுகிறது. வண்டி இன்னும் பாய்கிறது. இது முழுவதும் ஒரு வினாடிக்குள் நடந்து முடிந்து விடும். 100 கிலோவுக்கு 4.6 உள்ள வண்டியில் இது நடந்தால் பெரும்பாலும் ஓர் உதறலோடு போய் விடும். 11.2 உள்ள வண்டியில் நடந்தால் முன்னால் நிற்கும் பஸ்ஸின் பின்பக்கம் வரை கொண்டு போய் விடும்.

வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும் என்பதையும் மறந்து விடக் கூடாது. வலு கூடிய வண்டி, புதியவனை அவன் அறியாமலேயே அந்த வேகத்துக்குக் கொண்டு போய் விடுகிறது.

இதில் வாப்பாமார் கவனிக்காத ஒரு விடயமும் இருக்கிறது. வண்டியை முதலில் ஓட்டிப் பார்ப்பது வாப்பா. அவர் 85 கிலோ. பல்சர் 150 இல் அவர் ஏறினால் எண் 6.1. "பரவாயில்லை, அமைதியான வண்டிதான்" என்று சொல்லி மகனிடம் சாவியைக் கொடுக்கிறார். மகன் 50 கிலோ. அவன் ஏறியதும் எண் 7.2 ஆகிறது. வாப்பா ஓட்டிப் பார்த்த வண்டியை விட ஏறத்தாழ நூற்றுக்கு 18 துடிப்பான வண்டியைத்தான் மகன் ஓட்டுகிறான்.

அண்மையில் ஒரு வியாபார நண்பர் என்னிடம் கேட்டார்:

"நானா, மகனுக்கு 150 எடுப்பமா, 200 எடுப்பமா?"

"மகன்ட நிறை எவ்வளவு?" என்றேன்.

"அது என்னத்துக்கு நானா? வண்டிக்கும் அதுக்கும் என்ன?"

பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கணக்கைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப 125 போதும் போல" என்றார். அவரே சொன்ன பதில் அது.

சாமான் ஏறினால்?

டிலிவரிப் பையனின் விடயத்தில் கணக்கு இன்னும் ஒரு படி கூடுகிறது. 65 கிலோ பையன், 40 கிலோ சாமான். சீ.டி. 100 இல் மொத்தம் 215 கிலோ, எண் 4.6 இலிருந்து 3.7 ஆக இறங்கி விடும். சாமானை இறக்கி விட்டு வெறும் வண்டியில் திரும்பும்போது மீண்டும் 4.6. அதாவது போகும்போது இருந்ததை விட வண்டி கால் பங்கு துடிப்பாக இருக்கும். புதிய பையன் போகும்போது பழகிய அதே அளவில் திரும்பும்போதும் முறுக்குவான். 3.7 உம் 4.6 உம் சமாளிக்கக் கூடிய எண்கள்தான். ஆனால் என்.எஸ். 200 இல் இதே சாமானோடு 9.4, வெறும் வண்டியில் 11.2. இரண்டுமே புதியவனுக்குக் கூடிய எண்கள்.

"ஏற்றத்தில் இழுக்காதே?" என்று கண்டி, மாவனல்லை, கம்பளைப் பக்கத்து வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கணக்கைப் பார்ப்போம். மொத்தம் 215 கிலோவை, நூறு மீற்றருக்கு எட்டு மீற்றர் உயரும் ஏற்றத்தில், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் கொண்டு போக, காற்றுத் தடையையும் சேர்த்து ஏறத்தாழ 4 குதிரைவலு போதும். சீ.டி. 100 இடம் இருப்பது 8. கியரைச் சரியாக இறக்கிப் போட்டால் ஏறும். சமதரையில் ஆளோடும் சாமானோடும் 60 இல் போக 3 குதிரைவலு சொச்சம் போதுமானது. நகருக்குள் வேக எல்லை 50. மோட்டார் சைக்கிளுக்கு அதிவேக நெடுஞ்சாலையில் அனுமதியே இல்லை. 23 குதிரைவலுவை இந்தப் பையன் எங்கே கொண்டு போய்ச் செலவழிப்பான்?

அதிகமான பாரத்தோடு அடிக்கடி ஏற்றம் ஏறுவதாக இருந்தால், வண்டியை மாற்ற முன்னர் மெக்கானிக் பாஸிடம் பின்சில்லின் செயின் ஸ்ப்ரொக்கட்டைப் பற்றிக் கேளுங்கள். இரண்டு பல் கூடிய ஸ்ப்ரொக்கட் போட்டால் எஞ்சினின் வலு கூடாது, ஆனால் சில்லில் இழுவை கூடும். உச்ச வேகம் சற்றுக் குறையும். பாரம் ஏற்றும் வண்டிக்கு அது நட்டமில்லை.

எண் குறைந்தால் எல்லாம் நல்லதா?

அப்படியும் சொல்ல முடியாது. ஸ்கூட்டி பெப்பில் அதே பையனையும் 40 கிலோ சாமானையும் ஏற்றினால் எண் 2.5. கடுகண்ணாவை ஏற்றத்தில் பின்னால் லொறி ஹோர்ன் அடித்துக் கொண்டு வரும்போது, விலகி முன்னே போக வண்டியிடம் வலு இருக்காது. அதுவும் ஆபத்துத்தான். அந்த வண்டி சந்தைக்குப் போய் வரும் ஒருவருக்கு மிகவும் பொருத்தமானது, பாரத்துக்கு உரியதல்ல.

இந்த விகிதம் எல்லாவற்றையும் சொல்லி விடும் என்றும் நினைக்கக் கூடாது. ஆள் இல்லாமல் கணக்குப் பார்த்தால் டிஸ்கவர் 125 இன் எண் 9.2, பல்சர் 150 இன் எண் 9.7. பெரிய வித்தியாசமில்லை. ஆனால் பல்சர் 24 கிலோ பாரம் கூடியது. நெரிசலில் நிறுத்தி நிறுத்திப் போகும்போதும், மணல் ஒழுங்கையில் திருப்பும்போதும், மழையில் சாயும் வண்டியைக் காலால் தாங்கும்போதும் அந்த 24 கிலோவைப் புதியவன் நன்றாக உணர்வான். வலு போதும் என்றால் இரண்டில் பாரம் குறைந்ததே அவனுக்கு நல்லது. இரண்டு பாதமும் நிலத்தில் முழுமையாகப் படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பிரேக்கையும் பாருங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சீசீக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏ.பி.எஸ்ஸும், அதற்குக் கீழ்ப்பட்டவற்றுக்கு முன் பின் பிரேக்குகள் சேர்ந்து பிடிக்கும் முறையும் கட்டாயமாக்கப்பட்டன. நமது நாட்டில் 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஆகவே நம் வீதிகளில் ஓடுபவற்றில் இந்த வசதிகள் இல்லாத பழைய வண்டிகள் நிறைய உண்டு. பாவித்த வண்டி எடுப்பவர்கள் பெயின்ட் பளபளப்பைப் பார்க்க முன்னர் பிரேக்கையும் டயரையும் பார்ப்பது நல்லது.

பெரிய வண்டிக்காகப் பேசுகிறவர்கள்

"பெரிய வண்டி என்றால் விற்கும்போது நல்ல விலை போகும்" என்பது ஒரு வாதம். வண்டி முழுதாக இருந்தால்தானே அந்த விலை? "அவசரத்துக்கு முந்திப் போக வலு வேண்டும்" என்பது இன்னொன்று. முந்துவதற்கு வலு உதவும் என்பது உண்மை. ஆனால் எப்போது முந்தக் கூடாது என்ற தீர்மானம் அனுபவத்தில் வருவது, எஞ்சினோடு சேர்த்து விற்கப்படுவதில்லை. "மகன் கூட்டாளிமாருக்கு முன்னால் வெட்கப்படுவான்" என்பது மூன்றாவது வாதம். இதுதான் வீடுகளில் பெரும்பாலும் வெல்கிறது. வாப்பாமார் கொஞ்சம் உறுதியாக நிற்க வேண்டிய இடமும் இதுதான்.

செலவுக் கணக்கையும் மறக்க வேண்டாம். 2022 இல் கியூ.ஆர். முறையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் தந்த காலத்தில், லீற்றருக்கு 60 ஓடும் சின்ன வண்டி வைத்திருந்தவர் 240 கிலோமீற்றர் ஓடினார். 35 ஓடும் வண்டி வைத்திருந்தவருக்கு 140 இல் முடிந்தது.

முதலாளிமாருக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. வேலை நேரத்தில் ஊழியருக்கு ஏற்படும் காயத்துக்கு முதலாளியைப் பொறுப்பாக்கும் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934 இலிருந்தே இந்த நாட்டில் இருக்கிறது. பையனிடம் ஏ1 மட்டும் இருந்தால் 110 சீசீ டியோவைக் கூட அவன் ஓட்டக் கூடாது. பெயரில் 100 என்று இருந்தாலும் எஞ்சின் 102 சீசீயாக உள்ள வண்டிகளும் உண்டு. ஆகவே பெயரை நம்பாமல் பதிவுப் புத்தகத்தைப் பாருங்கள். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது லைசன்ஸைத்தான்.

சுருக்கமாக என் அபிப்பிராயம் இதுதான். ஆளையும் வழமையான சாமானையும் கூட்டி, 100 கிலோவுக்கு மூன்றரை முதல் ஆறு குதிரைவலு வரை உள்ள வண்டியே நமது வீதிகளில் புதியவனுக்குப் பொருத்தமானது. ஏழைத் தாண்டினால் முதல் வண்டியாகக் கொடுக்க வேண்டாம். ஒன்பதைத் தாண்டினால் அவனாகவே உழைத்து, வயதும் பழக்கமும் வந்த பின் வாங்கிக் கொள்ளட்டும். இது சட்டம் அல்ல, ஒரு வியாபாரியின் மட்டக் கணக்கு.

1958 இல் ஜப்பானில் ஹொண்டா கம்பனி சூப்பர் கப் வண்டியை வெளியிட்டபோது, சாப்பாட்டுக் கடைப் பையன் ஒரு கையில் சாப்பாட்டுத் தட்டை ஏந்திக் கொண்டு மறு கையால் ஓட்டக் கூடியதாக இருக்க வேண்டும் என்றுதான் அதை வடிவமைத்தார்கள். 49 சீசீ, 5 குதிரைவலுவும் இல்லை. ஆளோடு கணக்குப் பார்த்தால் 100 கிலோவுக்கு நான்கைத் தாண்டாது. அந்த வரிசை வண்டிகள் 2017 இல் பத்துக் கோடியை எட்டின. டிலிவரிக்கு எவ்வளவு வலு போதும் என்பதற்கு அதை விட வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

அடுத்த முறை வண்டி எடுக்கப் போகும்போது விளம்பரத்தாளில் உள்ள குதிரைவலுவையும் வண்டியின் நிறையையும் ஒரு துண்டில் எழுதிக் கொள்ளுங்கள். பையனைத் தராசில் ஏற்றி அவனுடைய நிறையையும், வழமையாக ஏற்றும் சாமானின் நிறையையும் அதோடு கூட்டிப் பிரித்துப் பாருங்கள். தராசு நம் எல்லோருடைய கடையிலும் இருக்கிறது. இரண்டு நிமிட வேலை. கையெழுத்து வைக்க முன்னர் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள்.